அண்ணி விட்டுவைத்த ஏழு நொடி

என் அண்ணியைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. எதிரே நிற்பவர் பேசி முடிக்கும்வரை பொறுக்காத வாய் இது. தையல் கடைக்கு வருபவர்கள் "கை கொஞ்சம்..." என்று இழுத்தாலே போதும், ஏற்றுவதா இறக்குவதா என்று நானே முடிவு செய்து நோட்டிலும் எழுதிவிடுவேன். வீட்டில் எனக்குப் பெயர் முந்திரிக்கொட்டை. வைத்தது அண்ணன். பதிலுக்கு அவர் பெண்டாட்டிக்கு நான் வைத்த பெயர் கத்திரி.

அண்ணி துணி வெட்டுகிறவர் இல்லை, வீடியோ வெட்டுகிறவர். கல்யாண வீடியோக்களில் ஆரம்பித்து, இப்போது ஒன்பது வருடமாகக் குழந்தைகளுக்கான கார்ட்டூன் கம்பெனியில் எடிட்டர். போனிலும் டிவியிலும் ஓடுகிற ஆப்புக்காக எட்டு எட்டு நிமிடக் கதைகள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். அண்ணியின் பொறுப்பில் இருப்பது ஒரு மறதிக்கார ஆட்டுக்குட்டி. ஒவ்வொரு கதையிலும் எதையாவது தொலைத்துவிட்டு, திரையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்து, "எங்க இருக்கு, பாத்தியா?" என்று கேட்கும். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அண்ணியின் கையில்.

மற்ற கார்ட்டூன்களில் இரண்டு நொடி விடுவார்களாம். அண்ணி ஏழு விடுவார். காரணம் என் அண்ணன் மகள்.

அவளுக்கு இப்போது எட்டு வயது. அறிவில் ஒரு குறையும் கிடையாது, என்னையே விற்றுவிட்டு வருவாள். பேச்சு மட்டும் மெதுவாக வரும். ஒன்றைக் கேட்டால் முகத்தைப் பார்ப்பாள், உதடு குவியும், ஐந்து எண்ணுவதற்குள் முதல் வார்த்தை வந்தால் அதிர்ஷ்டம். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள், அது போதும் என்றார். எங்கள் வீட்டில் அப்படிக் காத்திருக்கத் தெரிந்தவர் அண்ணி ஒருவர்தான். நானோ, பசிக்குதா, தண்ணி வேணுமா, தூக்கம் வருதா என்று அடுக்கிக்கொண்டே போவேன். பாவம், என்னிடமிருந்து தப்பித்தால் போதுமென்று ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

அண்ணி வேலை செய்யும் முறையே தனி. ஆட்டுக்குட்டியின் கேள்வியை முதலில் மகளிடம் கேட்பார். அவள் சொல்லும் பதிலைப் போனில் பதிவு செய்வார். ஆபீசில் அந்தக் குரலைப் படத்துக்கு அடியில் தனியாக ஒரு ட்ராக்கில் போட்டு, அவள் பதில் முடிகிற இடம்வரை ஆட்டுக்குட்டியைச் சும்மா நிற்க வைப்பார். அளவு சரியானதும் அந்த ட்ராக்கை அணைத்துவிட்டுத்தான் படத்தை அனுப்புவார். வளர்கிற பிள்ளைக்குத் துணியை உள்ளே மடித்துவிட்டுத் தைப்போமே, அந்த மாதிரி வேலை. நூற்றுச் சொச்சம் கதைகளுக்கு அளவு கொடுத்தது என் மருமகளின் குரல். வெளியே ஒருவர் காதிலும் அது விழுந்ததில்லை.

போன வருடம் கம்பெனியில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். எந்த நொடியில் எத்தனை பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்துகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் அவர் வேலை. அண்ணி அவரை கிராஃப்காரர் என்பார். ஆட்டுக்குட்டி காத்திருக்கிற இடத்தில் எல்லாம் கோடு பள்ளத்தில் விழுகிறது என்று அவர் காட்டிவிட்டார். மற்ற ஆப்களில் நொடிக்கு ஒன்று குதிக்கிறது, பாடுகிறது. நம் ஆடு மட்டும் வெறுமனே நின்றால் பிள்ளைகள் போய்விடாதா என்று முதலாளி கேட்டார். இனிமேல் ஒரே நொடி, முடியாவிட்டால் ஆட்டுக்குட்டியை வேறு எடிட்டரிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

அன்று அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு நொடியில எம்பொண்ணால வாயைக்கூடத் திறக்க முடியாது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முதலாளி மட்டும் என் கடைக்குச் சட்டை தைக்க வந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

அண்ணி என்ன செய்தார் என்றால், குடை தொலைந்த கதையை இரண்டு விதமாக வெட்டினார். ஒன்று, முதலாளி சொன்னபடி. இன்னொன்று, தன் இஷ்டப்படி ஏழு நொடியோடு. திங்கட்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மனசு ஒரு நிலையில் இல்லாமல், அனுப்ப வேண்டியதை விட்டுவிட்டுத் தன்னுடையதை அனுப்பிவிட்டார். அதிலும் அந்த ட்ராக்கை அணைக்க மறந்துவிட்டார். சரிபார்க்கிறவர் வழக்கம்போல முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டார். எட்டு நிமிடக் கதையை எட்டு நிமிடம் உட்கார்ந்து பார்க்க அந்தத் தொழிலில் ஆள் இல்லையாம்.

சனிக்கிழமை காலை என் கடையில் ஓர் அம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் காலைக் கட்டிக்கொண்டு மூன்று வயதுப் பையன் ஒருவன், கையில் போன். ஆட்டுக்குட்டி குடையைக் கேட்டது. பிறகு அமைதி. பிறகு போனுக்குள்ளிருந்து என் மருமகள் பேசினாள்.

"கதவுக்கு... பின்னாடி... இருக்கு."

டேப் என் கையிலிருந்து நழுவிவிட்டது. அந்தப் பையனோ, ஏதோ கூட்டாளி கிடைத்துவிட்டவன்போல, "பின்னாடி, பின்னாடி" என்று கதவைக் காட்டினான். அந்த அம்மாவை அரை அளவில் நிற்க வைத்துவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.

கேட்டதும் அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. தானே போன் செய்து முதலாளியிடம் ஒப்புக்கொண்டார். அவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஆனால் ஆப்பிலிருந்து எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் லீவில் போயிருந்ததால், திங்கட்கிழமைவரை அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. வேலை போய்விட்டது என்றே அண்ணி முடிவு கட்டிவிட்டார். திங்களன்று தன் பொருட்களை எடுத்துவரக் காலிப் பை ஒன்றையும் கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை, பேன்ட் நீளம் குறைக்க என் கடைக்கு வந்த கிராஃப்காரரே எனக்குச் சொன்னார். அந்த ஒரு கதையில் மட்டும் அந்த இடத்தில் கோடு விழவில்லையாம். பிள்ளைகள் விரலால் கதையைப் பின்னால் இழுத்து, அந்தப் பதிலை மூன்று தடவை, நான்கு தடவை கேட்டிருக்கிறார்கள். அம்மாக்களிடமிருந்து செய்திகள் வேறு. தன் மகன் இதுவரை எந்தக் கார்ட்டூனுக்கும் பதில் சொன்னதே இல்லை என்றும், அந்தப் பாப்பா சொன்னபோது சேர்ந்து சொன்னான் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கேட்டு நான் அழுதேன். இதில் எனக்கு என்ன வெட்கம்?

முதலாளி கோபத்தை விழுங்கிக்கொண்டு, ஏழு நொடியும் இருக்கட்டும், ஒவ்வொரு கதையிலும் அந்தப் பாப்பாவே பதில் சொல்லட்டும் என்றார். கொஞ்சம் வேகமாக மட்டும் சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

"அவ வேகம் இதுதான் சார். முதல்ல அவளைக் கேக்கணும். அவ சரின்னா, இப்படியேதான் வரும்" என்றாராம் அண்ணி. அதிர்ந்து பேசத் தெரியாத என் அண்ணி! மடியில் அந்தக் காலிப் பையோடு இதைச் சொன்னார் என்று கிராஃப்காரர் சொன்னார். முதலாளி தலையாட்டிவிட்டார்.

வீட்டில் மகளைக் கேட்டபோது "சரி" என்ற ஒரு வார்த்தை வர எவ்வளவு நேரமானதோ, அண்ணி எண்ணவில்லை. கம்பெனியின் மற்ற கார்ட்டூன்களில் எல்லாம் இப்போது ஒரே நொடிதான், அவற்றிலும் சிலதை வெட்டுவது அண்ணிதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆட்டுக்குட்டி நிற்கிறது.

போன வாரம் மருமகள் கடைக்கு வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் கொடுக்கிற வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிடிச்சிருக்கா, போரடிக்குதா, கால் வலிக்குதா என்று மூன்று கேள்வியும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மெஷினை நிறுத்தினேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அடேயப்பா, ஏழு நொடி என்பது எவ்வளவு நீளம்! ஐந்தில் உதடு குவிந்தது.

"அத்தை... உங்களுக்கு... உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.