அருவிக்கும் அறைக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர்

சீசனுக்குக் குற்றாலம் கிளம்பும்போதே என் மனைவி, "அருவிப் பக்கத்துலயே ரூம் போடுங்க. பிள்ளைக்கு வீசிங் இருக்குல்லா" என்றாள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத இந்த மேதை கேட்பேனா? "தென்காசி இந்தா இருக்கு, அஞ்சு கிலோமீட்டர்தான" என்று அங்கே லாட்ஜ் பிடித்தேன்.

மறுநாள் அருவிக்கரையில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். குளித்துவிட்டு வந்த ஆறு வயது மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலரோ தென்காசி லாட்ஜில்!

மகளை மனைவியிடம் விட்டுவிட்டு, அதே கோலத்தில் ரோட்டுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, இந்த எண்ணெயோட சீட்டுல உக்காந்தா பொறவு எவன் ஏறுவான்?" என்று மூன்று ஆட்டோக்கள் நகர்ந்துவிட்டன. நாலாவது ஆட்டோக்காரர் சாக்கை விரித்து ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் வண்டி நெரிசல். போய் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பிள்ளை மூச்சு விடுகிறாளோ இல்லையோ என்று நினைத்து நினைத்து எனக்கே மூச்சு முட்டியது.

திரும்பியபோது, அருவிக்கு எதிர் லாட்ஜ் வாசலில் நின்று மனைவி கைகாட்டினாள். அங்கே தங்கியிருந்த சிவகிரிக்கார அம்மா ஒருவர், தன் மகனுடைய நெபுலைசரை வைத்து என் மகளைக் காப்பாற்றியிருந்தார்.

"அஞ்சு கிலோமீட்டர் போயிட்டு வந்துட்டியளா?" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் அருவியிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் அறை எடுக்கிறேன். இன்ஹேலர் என் கழுத்தில் தொங்குகிறது. போலீஸ் விசில் என்று நினைத்துச் சிலர் வழிவிடுகிறார்கள். நான் சிரிப்பதில்லை. மகளின் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.