பையை வைத்துப் பிடித்த இடம்

இலங்கையில் எங்கள் ஊரான கம்பளை ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் முதலில் பாய்ந்து ஏறி, பையை வைத்து இடம் பிடிப்பார். மற்றவர்கள் பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல் ஏறுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

போன வருடம் கணவரின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னை போயிருந்தோம். ஒரு கண்ணில் கட்டோடு நின்றவரிடம், "மெதுவா வாங்க, நான் சீட் புடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தூண்களுக்கு மேலே ஓடும் மெட்ரோ ரயிலில் பாய்ந்து ஏறினேன். பையை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் நின்றார். இருவருடைய பாஸ்போர்ட்டும் போனும் என் பையில். ரயில் நகர்ந்தது. கீழே மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் ஓட, நான் கதவைத் தட்டி அழுதேன்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்தார். "அழாதீங்கக்கா. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிப் போயிடலாம். நானும் வரேன்."

"ஒங்களுக்கு வேலைக்கு நேரமாகுமே?"

"ஆகட்டும்க்கா."

படிகளில் இறங்கி ஏறி, எதிர்த்திசை ரயிலில் திரும்பி வந்தோம். கணவர் நான் விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்: "சீட் கெடச்சிச்சா?"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பெயரைக் கேட்கத்தான் மறந்துவிட்டேன்.

இப்போது கம்பளையில் ரயில் வந்தால் நான் பாய்வதில்லை. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறுகிறேன். கண்டி வரைக்கும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போகிறோம்.