படத்தை மறைத்த மெத்தை

அப்புத்தளை ரோட்டோரத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயம் இருப்பது பலருக்குக் கண்ணை உறுத்தியது. மலைக்காட்சி பார்க்கப் போகிற வேன்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். துருப்பிடித்த தகரமும் கொடியில் தொங்கும் துணியும் வெள்ளைக்காரர்கள் கண்ணில் படக் கூடாதாம். ஊரை அழகாக்குகிறோம் என்று சொல்லி, பிரதேச சபைக்காரர்கள் ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஆளுயர மதில் ஒன்றை எழுப்பினார்கள்.

மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் எங்கள் முற்றம் வழியாக ஓடி, ரோட்டோர வடிகானில் விழும். மதில் அதை மறித்தது. "அடியில நாலு ஓட்டையாவது விடுங்க" என்று கட்ட வந்தவரிடம் கெஞ்சினேன்.

"படம் வரையப் போறோம் தம்பி. ஓட்டை வச்சா அசிங்கமா இருக்கும்."

மதிலின் ரோட்டுப் பக்கம் படமும் வந்தது. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். என் அம்மாவும் கொழுந்தெடுக்கிறவள்தான். வேலை விட்டு வந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

முதல் மழைக்கே முற்றம் குளமாகி, தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. மெத்தை ஊறிப்போய், அந்த ஈரத்தில் மூச்சுக்குத் திணறினாள். வெளியே பெயிண்ட் பளபளத்தது.

வெயில் வந்தது. மதிலின் நிழலில் முற்றம் இருண்டு கிடக்க, ரோட்டுப் பக்கம் மட்டும் சுள்ளென்று அடித்தது. அம்மாவும் நானும் மெத்தையை மதில்மேல் போட்டு அந்தப் பக்கம் தொங்கவிட்டோம். பார்த்துவிட்டு மற்ற வீட்டுக்காரர்களும் கம்பளிகளோடு வந்தார்கள். படத்துப் பெண்ணின் முகம் மறைந்துபோனது.

குழாய் உடைந்தால் எட்டிப்பார்க்காத சபை அதிகாரி, அன்று பகலுக்குள் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மொதல்ல இதையெல்லாம் எடுங்க. ரோட்டுல போறவங்க என்ன நெனப்பாங்க?"

"நாங்க நனைஞ்சு கெடக்கிறோம்னு நெனப்பாங்க, ஐயா" என்றாள் அம்மா. "உள்ள வந்து நீங்களே பாருங்க."

அவர் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

பிறகு ஒரு நாள் ஆட்கள் வந்தார்கள். மதிலில் ஓட்டை போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நம்பி, தேத்தண்ணி வேறு ஊற்றிக் கொடுத்தேன். மடையன் நான். முற்றத்து நிழலில் இரண்டு கம்பம் நட்டு, துணி காயப்போடக் கம்பி கட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த மழையிலும் நனைந்தோம். வெயில் வந்ததும் அம்மா அந்தக் கம்பியைக் குனிந்து கடந்து, நேராக மதிலுக்குப் போனாள். இந்த முறை, ராத்திரிக் குளிரில் நடுங்கினாலும் பரவாயில்லை, படம் மறைந்தே கிடக்கட்டும் என்று, கம்பளிகள் காய்ந்த பிறகும் லயத்தில் ஒருவரும் எடுக்கவில்லை.