வேஷக்காரர் கையில் வெற்றிலை

பித்தளைத் தாம்பாளத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் ஆவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் வாசலில் சந்தனம் கொடுக்கிற பக்கம் நிற்காமல் நேரே பந்திக்குப் போய்விடுகிறேன். "இன்னாடி, அவ்ளோ பசியா?" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பசியுமில்லை, ஒன்றுமில்லை. புளி போட்டுத் தேய்த்த தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைத்து யாராவது சிரித்துக்கொண்டே நீட்டினால், அதை வாங்கப் போன அண்ணனின் கைகள்தான் என் கண்முன் வந்து நிற்கின்றன.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுபவர், மாகறல் பக்கத்துக்காரர். மீசையை மழித்து, சவுரி வைத்துப் புடவை கட்டி, விடிய விடிய நின்று பாடுவார். மைக் செட் நடுவில் மக்கர் பண்ணினாலும் கடைசி ஆள்வரைக்கும் கேட்கும் குரல். துகிலுரிதல் அன்று முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தாமல் வீட்டுக்குப் போனதாக நான் பார்த்ததில்லை. அந்தக் குரலை நம்பித்தான் அவருடைய கூத்து செட்டே ஓடியது. பங்குனி பிறந்துவிட்டால் ஆடி முடியும்வரை ஊர் ஊராகத் திரௌபதியம்மன் கோயில்களில் கூப்பிடுவார்கள்.

நான் அப்போது உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய ஒரு தோப்பில் மேனேஜர் வேலையில் இருந்தேன். கலைஞர்கள் வந்து தங்குவதற்கென்று சென்னைக்காரர் ஒருவர் நடத்திய இடம். 'ரெசிடென்சி' என்பார்கள். சாப்பாடும் அறையும் இலவசம். ஓய்வெடுக்கலாம், யோசிக்கலாம், போகும்போது வேறு ஆளாகத் திரும்பிப் போகலாம் என்பதுதான் பேச்சு. 'இங்கே நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அந்த வாசகம் பிடித்துத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சென்னைக்காரரை நாங்கள் டைரக்டர் சார் என்போம். கதர் ஜிப்பா, மெதுவான பேச்சு. எதிரில் நிற்பவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். ஒரு வருடம் பக்கத்து ஊரில் கூத்துப் பார்க்கப் போனவர், விடிந்ததும் வேஷம் கலைத்துக்கொண்டிருந்த அண்ணனைப் போய்ப் பார்த்திருக்கிறார். அண்ணனுக்கு அப்போதே தொண்டை கரகரக்க ஆரம்பித்திருந்தது. குரல் நரம்பில் கொப்புளம் போலக் கட்டியிருப்பதாகவும், அது ஆறும்வரை பாடவே கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்றும் காஞ்சிபுரத்துத் தொண்டை டாக்டர் சொல்லியிருந்தார். "எங்க இடத்துக்கு வந்து தங்குங்க. யாரும் உங்களை ஒரு வரி பாடச் சொல்ல மாட்டாங்க" என்று டைரக்டர் சார் கையைப் பிடித்துச் சொன்னாராம். மார்கழியில் ஒரு ரெக்சின் பையுடன் அண்ணன் வந்து இறங்கினார்.

வருகிற விருந்தாளிக்கு வாசலில் தாம்பாளம் நீட்டுவது என் வேலை. பூவும் வெற்றிலை பாக்கும் வைத்து நீட்டினேன். மனிதர் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பகல் சாப்பாட்டின்போது அவரே மெல்லிய குரலில், சிரித்துக்கொண்டு சொன்னார். "கோச்சிக்காத பாப்பா. வேஷக்காரன் கையில வெத்தல பாக்கு வெச்சா, அம்மன் ஆடக் கூப்ட்டான்னு அர்த்தம். வாங்கிட்டா ஆடியே ஆவணும். வாணாம்னு திருப்பித் தரவும் கூடாது, அம்மாளையே போன்னு சொன்னாப்ல. நான் வாய மூடிக்கினு குந்த வந்துகீறேன். அதான் தொடல."

மேசையின் அந்தக் கோடியில் டைரக்டர் சார் மோர் சாதத்தில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அற்புதம்... என்ன ஒரு நம்பிக்கை!" என்றார். அண்ணன் பூவை மட்டும் எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம்.

ஓய்வு என்றால் என்ன என்று அண்ணனைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் எடுத்தது ஓய்வா? காலையில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் களைப்பைப் பற்றிப் பேசுவார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த ஓவியக்கார அம்மா, நகரம் தன்னை உறிஞ்சிவிட்டது என்று சொல்லித் தினமும் அழுவார். அழுது முடித்ததும், நாஷ்டாவுக்கு ஏன் பொங்கல் இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார். அண்ணன் அந்த வட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார், அவ்வளவுதான். பிறகு லுங்கியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஏரிக்கரையில் கொக்கு பார்ப்பார். இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்கியே பழகிய உடம்பு அது. வந்த புதிதில் தவித்தார். பொங்கல் பண்டிகை கழிந்த பிறகு ஒருநாள் காலை முகமெல்லாம் வீங்கி வந்து, கண்ணைக் கசக்கியபடி, "ராத்திரில தூங்கறது இவ்ளோ நல்லா கீதா? ஊரே இத்த அனுபவிச்சிக்கினு கீது, எனக்கு ஒருத்தனும் சொல்லலியே!" என்றார். கரகரப்பும் குறைந்திருந்தது. பங்குனிக்குள் சரியாகிவிடும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டைரக்டர் சாருக்குத்தான் அரித்தது. சாயங்காலம் நடக்கும்போது, "ஒரே ஒரு விருத்தம்... நமக்குள்ள" என்பார். அண்ணன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கும்பிடுவார். அதோடு விட்டிருக்கலாம்.

தை மாசக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடத்துக்கு உதவி செய்கிற பெரிய மனிதர்கள் சென்னையிலிருந்து கார் காராக வந்து இறங்கினார்கள். தோப்பு நடுவில் ஜமக்காளம் விரித்து, இளநீர் வெட்டிக் கொடுத்தோம். அண்ணனையும் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்ததும் டைரக்டர் சார் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பக்கத்தில் குங்குமம். "உங்க திரௌபதியம்மன் கோயில்ல வெச்சுக் கும்பிட்டு எடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லி, அண்ணன் முன்னால் குனிந்து இரண்டு கையாலும் நீட்டினார். கும்பலில் ஒருவர் அதற்குள் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு மனிதன் மனசுவிட்டுச் சொன்னதை எடுத்து அவன் கழுத்துக்கே சுருக்குப் போடுகிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா! பக்கத்தில் போய், "சார், வேணாம் சார். டாக்டர் பாடவே கூடாதுன்னு சொல்லிக்கீறாரு" என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, அந்த மெதுவான குரலில், "நாம யாரையும் கட்டாயப்படுத்தலையேம்மா. அது முழுக்க அவரோட முடிவு" என்றார்.

அண்ணன் தாம்பாளத்தைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். கை முதுகுக்குப் பின்னால் போய்த் திரும்பி முன்னால் வந்தது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து முந்தானையாகப் போட்டுக்கொண்டு, சபையில் திரௌபதி கண்ணனைக் கூப்பிடுகிற பாட்டை எடுத்தார். முதல் அடி பழைய குரலிலேயே வந்தது. மேலே ஏறினபோது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நிறுத்தவில்லை மனிதர். எடுத்த பாட்டை அம்மனுக்கு முடித்துத்தான் தீர வேண்டும். வெறும் காற்றை வைத்துக்கொண்டு கடைசி அடிவரை பாடினார், கழுத்து நரம்பு புடைக்க.

கை தட்டினார்கள். குரல் போனதையும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினார்கள்! "அந்த உடைஞ்ச குரல்லதான் எவ்வளவு வலி!" என்று ஓவியக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீ! வாயில் இருந்த இளநீரைத் துப்பிவிட்டு நான் சமையற்கட்டுக்குப் போனேன். மறுநாள் காலை அண்ணன் ரெக்சின் பையோடு வாசலில் நின்றார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்த மாதத்தோடு நானும் வேலையை விட்டேன்.

குரல் திரும்பவே இல்லை. இப்போது அந்தச் செட்டில் வேறொருவர் திரௌபதி வேஷம் கட்டுகிறார். வேஷக்காரர்கள் மேடைக்கு வரும்போது முன்னால் திரை பிடிப்பார்கள் இல்லையா, அதன் ஒரு முனையை அண்ணன் பிடிக்கிறார்.

போன வாரம் டைரக்டர் சார் என் வீட்டுக்கே வந்துவிட்டார். ரெசிடென்சிக்கு ஆண்டு விழாவாம். தாம்பாளத்தில் இரண்டு பத்திரிகை, மேலே வெற்றிலை பாக்கு. ஒன்று எனக்கு, ஒன்று அண்ணனுக்கு. "போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறார். அன்னைக்கு அவர் பாடினதை ஜனங்க இன்னும் பேசுறாங்க. மேடையில ஏத்தி மரியாதை பண்ணணும். நீங்க கொண்டுபோய்க் கையில குடுத்தா மறுக்க மாட்டார்" என்று நீட்டினார்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவருக்கு அது எதுவும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே நின்றார். கை வலித்திருக்கும், தாம்பாளத்தை வாசல்படியில் வைத்துவிட்டு, "யோசிச்சுப் பாருங்கம்மா" என்று காரில் ஏறினார். நான் தொடவில்லை, தாண்டித் தாண்டித்தான் நடந்தேன். வெயிலில் வெற்றிலை சுருண்டு போயிற்று.

சாயங்காலம் அவருடைய டிரைவர் வந்தார். பத்திரிகைகளையும் வெற்றிலையையும் படியில் கவிழ்த்துக் கொட்டினார். "தட்ட மட்டும் வாங்கியாரச் சொன்னாரும்மா. நாளைக்கு இன்னோர் ஆளக் கூப்ட வேணுமாம்" என்று சொல்லி, தாம்பாளத்தைத் துண்டால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.