அண்ணாந்து பார்க்க ஓர் ஆள்

பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்துக்குள் தையல்காரர் அன்றுதான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தார். அவருடைய மனைவி பத்தொன்பது வருடம் அங்கே துடைப்பம் பிடித்தவள். பொதுமக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. தையல்கடையில் கூட்டம் மொய்ப்பதும் ஞாயிற்றுக்கிழமைதான். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே பத்தொன்பது வருடத்தை ஓட்டிவிட்டார். அவள் போய்ப் பதினோரு மாதம் கழித்து, கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார்.

பதினைந்து பேர் கொண்ட கூட்டம். வழிகாட்டியாக ஓர் ஆராய்ச்சி மாணவி. ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகரப்பட்டை தொங்கியது. அதில் யார் வாயிலும் நுழையாத பெயர், குடும்பம், எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற விவரம். மாணவி வாசிக்க, கூட்டம் தலையாட்டியது.

தையல்காரருக்கு இந்த மரங்களை வேறு பெயரில் தெரியும். அவர் மனைவி மரங்களை அடையாளம் வைத்திருந்தது அவை கீழே எதைப் போடுகின்றன என்பதை வைத்துத்தான். வருடம் முழுக்க இலையுதிர்த்துக்கொண்டே இருப்பது புலம்பி. ஓர் இலையைக்கூட விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது கஞ்சன். குளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய மரம் மாமியார். "சுத்தமா பெருக்கி முடிச்சு நிமிர்ந்தா, சரியா அப்பத்தான் ஒரு கொட்டையைப் போடும். நான் வேலை செஞ்சதே கண்ணுக்குத் தெரியக்கூடாது அதுக்கு" என்பாள். அவர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே சிரிப்பார். அவள் பதறுவாள்: "முதல்ல ஊசியை எடுத்துட்டுச் சிரிங்க!"

அப்படிப்பட்டவள் அவள். கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போனவள், அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பாள்.

அவள்மேல்தான் அந்த மாமியார் மரத்தின் கிளை விழுந்தது. அன்று பிணவறை வாசலில் பல்கலைக்கழக அதிகாரி ஒருவர் ஒரு தாளை நீட்டினார். "எச்சரிக்கைக் கயிற்றைத் தாண்டிச் சென்றது பணியாளரின் கவனக்குறைவே" என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் உடல் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் விசாரணை, அது இது என்று நாளாகும் என்றார். தையல்காரர் கையெழுத்துப் போட்டார். உள்ளே கிடப்பவளைக் காட்டி வெளியே நிற்பவனிடம் பேரம் பேசுவதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் நடைமுறை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். விதி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் ஏதோ ஒரு மேலாளராகத்தான் இருந்திருக்க வேண்டும். கிளை உளுத்ததற்கு விதி காரணமென்றால், அதை அறுக்காமல் விட்டதற்கு யார் காரணம்? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. தையல்காரரும் கேட்கவில்லை. அவருக்குக் கோபம் மனைவிமேல்தான். 'கயிறு கட்டியிருந்ததே, ஏன்டி தாண்டினாய்?' என்று இயந்திரத்தை மிதித்துக்கொண்டே மனசுக்குள் அவளைத் திட்டினார். போன வாரம் சோற்றில் கை வைத்தபடி மகள் கேட்டாள்: "ஏம்பா, அம்மா கவனமில்லாத ஆளா?" அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

குளத்தைச் சுற்றிக்கொண்டு கூட்டம் அந்த மரத்தடிக்கு வந்தது. மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் மஞ்சள் கயிறு. மேலே, கிளை முறிந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

"போன வருஷக் காத்துல இங்க ஒரு பெரிய கிளை விழுந்துச்சு" என்றாள் மாணவி. "நல்லவேளை, பார்க்க வந்தவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. கயித்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்க, இன்னும் ரெண்டு கிளை சரியில்ல."

பாவம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

தையல்காரர் மேலே பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கயிற்றுக்கு உள்ளே மண் சுத்தமாக இருந்தது. சீப்பால் வாரியதுபோலத் துடைப்பத்தின் கோடுகள், ஒன்றையொட்டி ஒன்றாக, அடிமரம் வரைக்கும் போயின. கோடுகளைப் பார்த்தே பிழைத்த கண் அது. உள்ளே யாரும் போகக்கூடாதென்றால் உள்ளே பெருக்கியது யார்?

அடிமரத்துக்குப் பின்னாலிருந்து, குனிந்தபடி ஒருத்தி வந்தாள். மனைவியோடு வேலை பார்த்தவள். உயரமாக இருப்பதால் நெட்டை என்று பெயர். சாவு வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போனவள்.

தையல்காரர் கயிற்றைத் தாண்டினார். இரண்டடி வைப்பதற்குள் விசில் அலறியது. காவலாளி ஓடி வந்தார்.

"யோவ் பெரியவரே! கயிறு கட்டியிருக்கறது கண்ணுக்குத் தெரியல? மண்டையில விழுந்தா யார் பதில் சொல்றது? வெளிய வாங்க!"

"அப்ப அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?" காவலாளி நிஜமாகவே சுற்றிலும் தேடினார். "ஓ, அதுவா... அது வேலை ஆளுங்க."

"வேலை ஆளு மண்டையில விழாதா?"

"என்கிட்ட கேட்டா? கயிறு பார்க்க வர்றவங்களுக்குய்யா. பெருக்குறவங்களுக்கு இல்ல."

அந்த ஆளிடம் துளி வஞ்சகமும் இல்லை. மழை மேலேயிருந்து பெய்யும் என்பதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரர் வெளியே வந்தார். நெட்டை கூடையை இழுத்துக்கொண்டு கயிற்றோரம் வந்து நின்றாள்.

"மாமா, நீங்களா? இங்க எதுக்கு வந்தீங்க?"

"அவ தானாத்தான் தாண்டிப் போனாளாம்மா? உண்மையைச் சொல்லு."

நெட்டை காவலாளி போன திசையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "நாங்க தினமும் தாண்டறதுதான் மாமா. உள்ள குப்பை கிடந்தா படம் எடுக்க நல்லா இருக்காதாம். முன்னாடியெல்லாம் ஜோடியாப் பெருக்குவோம். ஒருத்தி குனிஞ்சு பெருக்குவா, இன்னொருத்தி அண்ணாந்து கிளையையே பார்த்துக்கிட்டு நிப்பா. விழறதுக்கு முன்னாடி கிளை லேசா முனகும். 'ஏய்'னு ஒரு சத்தம் குடுத்தா ரெண்டு பேரும் ஓடிருவோம். அக்கா செஞ்ச ஏற்பாடுதான் அது."

"அப்புறம்?"

"புது மேலாளர் வந்தாரு. 'வானத்தைப் பார்க்கறதுக்கா உனக்குச் சம்பளம்?'னு கேட்டாரு. ஆளுக்கொரு மரம்னு பிரிச்சு விட்டுட்டாரு. அக்கா நேரா போய்ச் சண்டை போட்டாங்க. 'பயமா இருந்தா வீட்லயே இருந்து வானத்தைப் பாரு'ன்னுட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா வேலைக்குப் போகாதேன்னு சொல்வீங்களாம்." நெட்டையின் குரல் இறங்கியது. "அன்னிக்கு நான் புலம்பிக்கு அடியில இருந்தேன் மாமா. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்."

தையல்காரர் பதினோரு மாதம் மனைவியைத் திட்டியிருக்கிறார். செத்தவள் திருப்பிப் பேச மாட்டாள் என்ற தைரியத்தில் திட்டியிருக்கிறார். மேலாளருக்கு வர வேண்டிய கோபத்தை எல்லாம் வீட்டுக்காரிக்குக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு இன்று பதில் சொல்லிவிடலாம். அப்பா எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அதைக் கேட்கும்போது அவள் முகம் எப்படிப் போகுமோ.

"இனி உள்ள போகாதேம்மா."

"போகலேன்னா நாளைக்கு வேற ஒருத்தி போவா மாமா. நீங்க நின்னு பேசினா எனக்குத்தான் திட்டு விழும். கிளம்புங்க." அவள் துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சேர்த்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

கூட்டம் எதிர்ப்பக்கக் கண்ணாடி வீட்டை நோக்கி நகர்ந்தது. தையல்காரர் நகரவில்லை. கயிற்றை ஒட்டி, கால்களை அகல வைத்து நின்று, கழுத்தை நிமிர்த்தினார். வாழ்நாளெல்லாம் தையல் இயந்திரத்தின்மேல் கவிழ்ந்து கிடந்த கழுத்து. நரம்பு சுண்டி இழுத்தது. சரியில்லாத அந்த இரண்டு கிளைகளையும் கண்ணால் பிடித்துக்கொண்டார். இமைக்கக்கூடப் பயமாக இருந்தது.

"மாமா, உங்க கூட்டம் போயிடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போகட்டும். நீ பெருக்கு."

துடைப்பம் மண்ணில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணில் நீர் கோத்து, கிளை இரண்டாகவும் நான்காகவும் தெரிந்தது. துடைத்தால் அந்த ஒரு நொடி பார்வை போய்விடும். துடைக்காமலே நின்றார்.

வெகுநேரம் கழித்து நெட்டை வெளியே வந்தாள். "முடிஞ்சுது மாமா. தலையை இறக்குங்க."

"அடுத்து எந்த மரம்?"

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் நாலு இருக்கு" என்றாள்.

அவர் குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.