வேறு கடைச் செருப்பு

எனக்கு ஒன்பது வயதில் ஒரே ஒரு நாள் நான் பெரிய மனுஷியாக இருந்தேன். அன்றைக்கு இரண்டு ஆம்பளைகள் நடுவில் நான் இல்லாமல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. அந்தப் பதவி சாயங்காலத்துக்குள் பறிபோனதில் எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் செருப்புக்கடை. நான் மாமா என்று கூப்பிட்டவர் பக்கத்துத் தெருக் கொத்தனார். சொந்தமும் இல்லை, எங்கள் ஜமாத்தும் இல்லை. அத்தாவோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம் சேர்ந்து அடி வாங்கியவர். அதற்கு மேல் என்ன சொந்தம் வேண்டும் என்பார் அத்தா.

தீபாவளிக் கூட்டம் முடிந்துவிட்டால் செருப்புக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஐப்பசி மழைக்குக் கட்டட வேலையும் நின்றுவிடும். வருஷா வருஷம் அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் கொல்லிமலையில் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். பஸ் போகிற மலைக்கு எதற்காக நடந்து சாக வேண்டும் என்று அம்மா கேட்காத வருஷம் கிடையாது. “லேசான வழிதான், காலாற நடந்துட்டு வாரோம்” என்று போவார்கள். முட்டி பேர்ந்து, முழங்கை சிராய்த்து வருவார்கள். ஒரு தடவை மலைக்கு அந்தப் பக்கமாக இறங்கித் தொலைத்து, ஆடு ஏற்றிய லாரியில் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு அம்மா இருவரையும் வாசலிலேயே நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் “லேசான வழி.”

அந்த வருஷம் மாமா துபாய்க்குப் போவதாக இருந்தது. கட்டட வேலைக்குத்தான். சொந்தக்காரர்களுக்குச் சொன்னவர், மேஸ்திரிக்குச் சொன்னவர், அத்தாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஷூ வாங்க வந்த ஒருவர் காலை நீட்டிக்கொண்டே, “ஏனுங்க பாய், உங்க சிநேகிதரு துபாய் போறாராமுங்களே?” என்று கேட்டிருக்கிறார். அத்தா அந்த மனுஷனுக்கு ஒரு காலில் எட்டாம் நம்பரும் இன்னொரு காலில் ஒன்பதாம் நம்பரும் மாட்டி அனுப்பிவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. மாமா கடை வாசலில் வந்து நின்றபோது அத்தா தலை நிமிரவில்லை. ரோஷத்தில் மாமா மட்டும் குறைந்தவரா? அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வியாழக்கிழமை விமானம். இடையில் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

எனக்கு இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை. துபாய் என்றால் சாக்லேட். மாமா சீக்கிரம் போனால் சாக்லேட்டும் சீக்கிரம் வரும். இதற்குப் போய் ஒரு மனுஷன் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவாரா?

அம்மாவும், மாமாவின் வீட்டுக்காரியான அத்தையும் சேர்ந்து ஒரு திருட்டு வேலை செய்தார்கள். அம்மா அத்தாவிடம், “ஞாயித்துக்கெழம மலைக்கு அவரு வாரேன்னுட்டாராம், நீங்கதான் பயந்துக்கறீங்களாம்” என்றாள். அத்தை மாமாவிடம் இதையே திருப்பிச் சொன்னாள். இரண்டு பேருக்கும் சுர்ரென்று ஏறியது. போதாததற்கு, மலையைப் பார்க்க வேண்டும் என்று நான் அழுவதாகவும் ஒரு கதை. நான் எங்கே அழுதேன்? டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சடையை இறுக்கிப் பின்னிக்கொண்டே அம்மா காதில் சொன்னாள்: “ரெண்டு பேருக்கும் நடுவுலயே நட சாமி. ஒருத்தர ஒருத்தர் உருட்டி உட்றாம பாத்துக்க.”

பஸ் ஸ்டாண்டில் அத்தா மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புக்கடைக்காரர் இல்லையா, காலைத்தான் பார்த்தார். பார்த்த இடத்தில் கண் நின்றுவிட்டது. மாமா காலில் புத்தம்புதுச் செருப்பு. பழுப்பு நிறம், பின்னால் வார் வைத்தது. அந்த மாதிரி எங்கள் கடையில் கிடையாது. பிறந்ததிலிருந்து மாமாவின் காலில் எங்கள் கடைச் செருப்பைத் தவிர நான் வேறு எதையும் பார்த்ததில்லை.

“கண்ணு, அது எந்தக் கடைன்னு கேளு” என்றார் அத்தா.

கேட்டேன். மாமா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, “சேந்தமங்கலத்துலன்னு சொல்லு சாமி” என்றார்.

“நல்லாருக்கட்டும்னு சொல்லு.”

அத்தா அன்றைக்குக் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருந்தார். வெள்ளை வெளேரென்று, பக்கத்தில் பச்சைக் கோடு. அதை மாமா பார்க்கிறாரா என்று பார்ப்பதற்காக, பஸ் வரும்வரை தேவையில்லாமல் அங்குமிங்கும் நடந்தார்.

என் உத்தியோகம் அப்படித்தான் ஆரம்பித்தது. அத்தா சேதி சொன்னால் ஒரு கடலை மிட்டாய். மாமா பதில் சொன்னால் ஒரு தேன் மிட்டாய். அடிவாரத்தில் இறங்கும்போது என் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. இவர்கள் இப்படியே ஜென்மத்துக்கும் பேசாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

வழி மாமா கண்டுபிடித்தது. மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு நாடு என்றுதான் பேர்; பைல் நாட்டுக்காரர் ஒருவர் சொன்னாராம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடி ஏறுகிற பாதை என்று. கொஞ்ச தூரம் பாதை பாதை மாதிரித்தான் இருந்தது. பிறகு அது சுவர் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி பெய்த மழையில் செம்மண் சோப்புப் போட்டது போல வழுக்கியது. ஓர் அடி ஏறினால் இரண்டு அடி கீழே வந்தோம். நான் வெறுங்காலில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். பெரியவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

“இந்த வழில படிச்ச புள்ளைங்க எந்த சர்க்கஸ்ல வேலை பாக்குதுன்னு கேளு” என்றார் அத்தா, மூச்சு வாங்க.

“முடியலைன்னா திரும்பிப் போவச் சொல்லு.”

“யாருக்கு முடியலன்னு கேளு.”

இந்த நேரத்தில் மேலேயிருந்து ஓர் அக்கா இறங்கி வந்தார். தலையில் ஒரு முழு வாழைத்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போன். யாரிடமோ புடவைக்குப் பிளவுஸ் தைத்த கதை பேசிக்கொண்டு, வீட்டு முற்றத்தில் நடப்பது போல வந்தவர், நாலு காலில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு ஆம்பளைகளைப் பார்த்ததும் போனில், “இரு புள்ள” என்றார்.

“ஏனுங்க, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?”

“இல்லீங்க, மேல போறோம்” என்றார் மாமா, தரையைப் பார்த்தபடியே.

“போங்க போங்க. இனிமேதாங்க செத்த ஏத்தம் வருது” என்று சொல்லிவிட்டு அந்த அக்கா போய்விட்டார். அதுவரை நாங்கள் ஏறியது ஏற்றமே இல்லையாம்! அத்தா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த ஏற்றம் வந்தது. ஒரு பாறை, அதன் மேல் ஒரு மரத்தின் வேர் தொங்கியது. மாமா முதலில் ஏறி, என்னை மேலே தூக்கிக்கொண்டார். அத்தா வேரைப் பிடித்துக்கொண்டு பாதிப் பாறையில் நின்றுவிட்டார். மேலே வர முடியவில்லை, கீழே போகவும் வழியில்லை. மாமாவின் கை எட்டுகிற தூரம்தான். ஆனால் கேட்க வேண்டுமே!

“கண்ணு, கையக் குடுக்கச் சொல்லு” என்றார் அத்தா.

“மாமா, அத்தா உங்களக் கையக் குடுக்கச் சொல்றாங்க.”

“எந்தக் கைன்னு கேளு சாமி.”

“அத்தா, எந்தக் கைன்னு கேக்கறாரு.”

“எதையாச்சும் குடுக்கச் சொல்லு!”

“அத்தா எதையாச்சும்…”

நான் முடிக்கவில்லை. கீழே சரக்கென்று ஒரு சத்தம். விலை கூடிய ஷூவின் அடிப்பாகம் முழுசாகப் பிய்ந்து, பாறையில் உருண்டு புதருக்குள் போய்விட்டது. அத்தாவின் கால் வழுக்கியது.

“டேய்! புட்றா! புட்றா என்னைய!”

“புடிச்சிட்டேன்டா! உட்ருவனா? வா, வா மேல!”

மாமா இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சேர்ந்து சேற்றில் மல்லாந்து விழுந்தார்கள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. நான் பயந்துபோய்ப் பார்த்தேன். மாமாவின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார்.

“அவன சிரிக்க வேண்டாம்னு சொல்லு” என்றார் அத்தா.

“நீங்கதான் இப்ப நேரா பேசிட்டீங்களே அத்தா!”

“அது பேச்சா? அது கூப்பாடு!”

அப்பாடா, வேலை போகவில்லை என்று எனக்கு நிம்மதி. ஆனால் மாமா எழுந்தார். தன் இரண்டு செருப்பையும் கழற்றினார். சேற்றை வேட்டி ஓரத்தில் துடைத்து, அத்தாவின் காலடியில் ஜோடியாக வைத்தார். என்னிடம் எதுவும் சொல்லியனுப்பவில்லை. வெறுங்காலோடு முன்னால் நடந்தார்.

அத்தா அந்தச் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியைத் தட்டிப் பார்த்தார். வாரை இழுத்துப் பார்த்தார். ஆயுசில் முதல்தடவையாக வேறு கடைச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, மாமாவின் பின்னால் போனார்.

மேலே ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அத்தா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா போகாதன்னு சொல்லுவ.”

“ஆமா, சொல்லுவேன்.”

“நீ சொன்னா நான் போவ மாட்டன்டா. அதான் சொல்லல.” மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “ஊருக்கெல்லாம் ஊடு கட்டிக் குடுத்துட்டேன். என்ற ஊட்டுக்கு இன்னும் ஒரு நல்ல கூரை போடல. மழை பேஞ்சா ஊட்டுக்காரி குண்டான் சட்டிய வெச்சுட்டு மூலைக்கு மூலை ஓடறா. எத்தன ஐப்பசிக்குப் பாத்துட்டு இருக்கறது?”

அத்தா மாமாவின் காலைப் பார்த்தார். கல் குத்தி ரத்தம் வந்திருந்தது. தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். கடைக்கு வருகிறவர்களின் காலைத் தொடையில் தூக்கி வைத்துக்கொள்வது போலவே, அந்தக் காலையும் வைத்துக்கொண்டு, கட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இறக்கிவிடவில்லை. அத்தாவின் கண் கலங்கியிருந்தது. டீ சூடாக இருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. வாத்தியாரைப் பற்றி, ஆட்டு லாரியைப் பற்றி, பேச்சான பேச்சு. மிட்டாய் வரவு அடியோடு நின்றது.

வளப்பூர் நாட்டிலிருந்து கீழே போகிற பஸ் வருகிற நேரம். டீக்கடையில் உட்கார்ந்தபடியே பஸ் ஸ்டாப்பைப் பார்க்கலாம், அவ்வளவு பக்கம். நான் எழுந்துவிட்டேன். அத்தா எதிர்ப்பக்கத்தில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் இறங்கிய ஒரு பாதையைக் காட்டினார்.

“இப்படிப் போனா அடுத்த ஸ்டாப்புக்குக் குறுக்கு வழி, இல்லடா?”

மாமா அந்தப் பாதையையும் பஸ் ஸ்டாப்பையும் பார்த்தார். பிறகு அத்தாவைப் பார்த்தார்.

“ஆமாமா. இதான் குறுக்கு. லேசான வழி.”

லேசான வழியா அது! பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி மேட்டில் ஏறி, சாமைக்காட்டு வரப்பில் சுற்றி, இன்னொரு பள்ளம். பாதி வழியில், எதிர்ச்சரிவில் எங்கள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு வளைவாக இறங்கிப் போவது தெரிந்தது. “அதோ போவுது! அதோ போவுது பாருங்க!” என்று நான் குதித்தேன். இரண்டு பேரும் நின்று, அந்த பஸ் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தார்கள்.

“தப்பாப் போச்சு கண்ணு” என்றார் அத்தா.

“அட ஆமா, தப்பாப் போச்சே” என்றார் மாமா.

அதில் ஒருத்தருக்காவது துளி வருத்தம் இருக்க வேண்டுமே! மெதுவாக, ஊர்கோலம் போவது போல நடந்தார்கள். காலில் கட்டோடு மாமாவும், பத்தாத செருப்போடு அத்தாவும். எனக்குக் கால் விட்டுப்போய் அழுகை வந்தது. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அத்தா வாங்கிக்கொண்டார். கடைசி பஸ் கிடைத்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பேசிக்கொண்டார்கள் என்றதும் அம்மா, “அல்ஹம்துலில்லாஹ்” என்று நெஞ்சில் கை வைத்தாள். அதோடு நான் விடுவேனா? “பஸ் ஸ்டாப்பு கண்ணு முன்னால இருக்கும்மா! அத விட்டுட்டு ரெண்டு பேரும் தப்பு வழில கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேருக்குமே வழி தெரியல. இனிமே இவங்களத் தனியா அனுப்பாதீங்க” என்றேன். அம்மா அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அத்தா கால் கழுவப் போய்விட்டார். அம்மா என்னை மடியில் இழுத்து, வெந்நீர்த் துணியால் என் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மாமா போய்விட்டார். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்து வளர்ந்த இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி வழி தப்பும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், எங்கள் அத்தாவுக்கு வழியே தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.