கேமரா கொஞ்சம் சுமார்தான்

அந்த போனை நான் ஆத்திரத்தில் வாங்கினேன். ஆசைப்பட்டு வாங்கியிருந்தால் எல்லாரையும் போலக் கேமரா நல்லதாகப் பார்த்திருப்பேன்.

பழங்காநத்தத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் பதினோரு வருஷம் டிசைனராக இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பூப்புச் சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று மதுரையில் எது நடந்தாலும் பத்தடிக்கு ஒரு பேனர் வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் செய்து மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களிலிருந்து தலைகளை மட்டும் வெட்டி எடுத்து வரிசையாக நிறுத்த வேண்டும். சும்மா நிறுத்திவிட முடியாது. சடங்கு பேனரில் தாய்மாமன் தலை மற்ற தலைகளைவிடச் சிறுத்துவிட்டால் பந்தலிலேயே சண்டை. இரண்டு சித்தப்பாக்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் நடுவில் ஒரு குத்துவிளக்கை வைத்துப் பிரித்துவிட வேண்டும். இதையெல்லாம் எந்த கம்ப்யூட்டர் வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டது.

ஒருநாள் திருவாதவூரிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் முதலாமாண்டு நினைவு பேனரை வாங்க வந்தார். அந்தப் பெரியவருக்கு இருந்தது ஒரே ஒரு படம்தான், பழைய ரேஷன் கார்டில் மங்கிப்போய் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து கண், மீசை, நெற்றிச் சுருக்கம் என்று ஒவ்வொன்றாக மீட்டு எடுத்திருந்தேன். வந்தவர் பேனரை விரித்துப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா அப்பிடியே இருக்காருண்ணே. யாருண்ணே செஞ்சது?" என்று முதலாளியைக் கேட்டார்.

நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தேன் ரெண்டு நாளா உக்காந்து செஞ்சேன். நம்ம சிஸ்டம் அப்பிடி" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார்.

அவர் இப்படிச் சொல்வது புதிதில்லை. பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆனால் அன்றைக்கு அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியின் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வந்தவர் போனதும் முதலாளியிடம் கேட்டேன்.

"அண்ணே, இனிமே ஓரத்துல என் பேரையும் சின்னதாப் போட்டுக்கிறேன்."

சிரித்தார். "சிஸ்டம் இல்லாட்டி நீ யாருத்தா? எந்திரிச்சு வெளிய போய் நின்னு பாரு, தெரியும்."

எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். அப்புறம் அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். சாதுவான மனுஷன். "விடு, மதுரைல வேற கடையா இல்ல?" என்றார். கடை இருக்கிறது. அங்கேயும் ஒரு முதலாளி இருப்பார், அவரும் சிஸ்டத்தைத்தான் காட்டுவார். எனக்கு வேண்டியது வேறு. என் பழைய முதலாளி, இன்னொரு ஆள் கேட்க, தன் வாயால் என் பேரைச் சொல்ல வேண்டும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது என்று சொன்னேன். அன்றைக்கே இரண்டு தட்டு சாப்பிட்டேன், அது வேறு விஷயம். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லை. போனிலேயே டிசைன் செய்யும் ஆப்கள் இருக்கின்றன என்று தெரியும். என் பழைய போனில் நாலு தலை சேர்த்தாலே மூச்சுத் திணறிவிடும். அதனால் விசாரித்தேன். ஒரு வாரம் வேறு வேலையே பார்க்கவில்லை. விலை அடக்கமாக இருக்க வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் புராசஸர் காட்டடி அடிக்க வேண்டும். கேம் விளையாடுகிறவர்களுக்கென்றே அப்படிச் சில போன்கள் வருகின்றன. கம்பெனிக்காரன் காசையெல்லாம் புராசஸரில் கொட்டிவிட்டு மற்ற இடங்களில் கையைச் சுருக்கிக்கொள்வான். எங்கெங்கே சுருக்கியிருக்கிறான் என்று பார்த்து வாங்கினால் நமக்கு லாபம்.

கடையில் இருந்த பெண் வேறு ஒரு போனை எடுத்து நீட்டினாள். "அக்கா, இதுல செல்ஃபி செமையா வரும்."

"நான் ஒருத்தன் மேல கறுவிக்கிட்டுத் திரியிறேன்மா. இப்ப என் மூஞ்சி எந்த கேமராவுலயும் நல்லா இருக்காது. ரேம் எம்புட்டு, அதச் சொல்லு" என்றேன்.

வாங்கி வந்து பிரித்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த போன் ஒரு அசுரன். நாற்பது தலை, மேலே இரண்டு சிங்கம், பின்னால் மயில் தோகை, எல்லாம் அடுக்கினாலும் விரலோடு விரலாக ஓடிவரும். குளித்துவிட்டு வருவதற்குள் சார்ஜ் ஏறிவிடும். மொட்டை வெயிலில் நின்றாலும் திரை பளிச்சென்று தெரியும். முதல் நாள் ஒரு காதுகுத்து பேனரை ஒரு மணி நேரத்தில் செய்து முடித்தேன். கடைக் கம்ப்யூட்டரில் அது அரை நாள் வேலை. "நீ யாருத்தான்னு கேட்டேல்ல?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

குறைகளும் அடுத்தடுத்து வந்தன. பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக். மூன்று கேமரா இருக்கும், அதில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்ற இரண்டும் சும்மா அலங்காரம். லைட் கொஞ்சம் குறைந்தால் முகத்தில் சந்தனம் பூசியது மாதிரி எடுக்கும். கேட்காமலே கண்ட விளம்பரமும் வந்து விழும். இதெல்லாம் என் வேலையைத் தொடாத குறைகள். தொடுகிற குறைகள் மூன்று இருந்தன. மூன்றையும் நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கொட்டாம்பட்டியில் ஒரு சடங்கு. என் நம்பரை வைத்திருந்த பழைய வாடிக்கையாளர், பொண்ணுக்குத் தாய்மாமன். திரையில் பார்க்கும்போது கண்ணைப் பறித்தது பேனர். வெளியே மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் அனுப்பி, அச்சாகி வந்ததும் பொண்ணின் அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் இருந்தது. மாமன்காரர் போன் போட்டார். "என்னத்தா, எம்மூஞ்சியச் சாம்பல்ல பொரட்டி எடுத்திருக்க?" போனை விற்பதற்காகத் திரையில் நிறத்தைக் கூட்டிவைத்தே அனுப்புகிறார்கள், மெஷினில் இருக்கும் அச்சு மைக்கு அந்த மினுக்கு வராது. செட்டிங்ஸில் எங்கோ அடியில் போய் அதைக் குறைத்து, வெளிச்சத்தையும் பாதிக்கு இறக்கிவைத்து வேலை செய்ய வேண்டும். அந்த பேனரை என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அடுத்தது அளவு. பத்தடி வரை பிரச்சினை இல்லை. இருபதடி, முப்பது தலை என்று போனால், சேமிக்கும் நேரத்தில் ஆப் தானாகச் செத்துப்போகும். சின்னதாகச் சேமித்து மெஷினில் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரமெல்லாம் கருக்கரிவாள் பல்லு மாதிரி வந்து நிற்கும். இதற்கு வழி கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. பேனரை நாலு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழு அளவில் செய்து அனுப்பினால், அச்சடிப்பவர் தன் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வார். மூன்றாவது சூடு. சித்திரை மதியத்தில் அரை மணி நேரம் வேலை வாங்கினால் போன் தோசைக்கல்தான், வேகம் பாதியாகிவிடும். அடுப்படிக் கல் மேடையில் கொஞ்ச நேரம் படுக்கவைத்து எடுப்பேன். பெரிய வேலைகளை விடியற்காலையில் முடித்துவிடுவேன்.

ஆறேழு மாதத்தில் என் கை ஓங்கிவிட்டது. பேனர் ஓரத்தில் என் பேரும் நம்பரும் இரண்டு அங்குல உயரத்துக்கு நின்றன. பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும், அந்தக் கடைக்குப் போகாமல் வந்தார் என்று எனக்குள் ஒரு துள்ளல். இது நல்ல புத்தியில்லை என்று வீட்டுக்காரர் சொல்வார். நல்ல புத்திதான் என்று நான் எப்போது சொன்னேன்?

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு முதலாளி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஆரஞ்சுப் பழம் வேறு.

"என்னத்தா, மறந்துட்டியா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

"நீ எல்லாத்தையும் போன்லயேதேன் பண்றியாமே? எந்த போன்? காமி." கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஆளு நிக்க மாட்டேங்குது. ஏசி ரூமு, ரெண்டு சிஸ்டம், கரண்டு பில்லு, எல்லாம் தண்டம். சிஸ்டத்தத் தள்ளிவிட்டுட்டு இத நாலு வாங்கிப் போட்ருவம்னு இருக்கேன். ஒன்னாலேயே முடியுதுன்னா எவனாலயும் முடியும்ல?"

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால், நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லிவிட்டார்.

நான் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். புராசஸரைப் பற்றிச் சொன்னேன். நாற்பது தலை அடுக்கிக் காட்டினேன். சார்ஜ் ஏறும் வேகத்தைச் சொன்னேன். அவர் கண் விரிந்துகொண்டே போனது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, வேண்டுமானால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

"கொறைன்னு ஏதும்?" என்று கேட்டார். வியாபாரி அல்லவா, கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்சம் யோசிப்பது மாதிரி இருந்துவிட்டு, "கேமரா கொஞ்சம் சுமார்தாண்ணே" என்றேன்.

"அட, கேமராவ வச்சு நமக்கு என்னத்தா?" என்று எழுந்து போய்விட்டார். அவர் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "நிறத்தச் சொல்லல, பெரிய சைஸச் சொல்லல, சூட்டச் சொல்லல" என்றார். "அவரு கேக்கல" என்றேன். "கேட்டாரே?" என்றார். நான் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன். நல்ல இனிப்பு.

சொன்னபடியே அவர் நாலு போன் வாங்கிப் போட்டார். ஆவணி பிறந்தது, முகூர்த்தம் வரிசை கட்டி நின்றது. அந்தக் கடையில் பட்டுச்சேலைகள் எல்லாம் செங்கல் நிறத்தில் வருகின்றன, மாப்பிள்ளைகள் எல்லாம் சாம்பல் பூத்து நிற்கிறார்கள் என்று காதில் விழுந்தது. நாலைந்து பேனரைக் காசு வாங்காமல் திருப்பி அடித்துக் கொடுத்தாராம். பாவம் என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றவில்லை. ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் விவரமாகக் காதில் விழாதா என்றுதான் இருந்தது.

ஒரு முகூர்த்த நாளன்று காலை அவரே அழைத்தார்.

"ஏத்தா, இருபதடி பேனரு. நேத்துலருந்து ஆப்பு செத்துச் செத்துப் போகுது. சின்னதா எடுத்து அடிச்சா எழுத்தெல்லாம் பல்லு பல்லா வருது. பெரிய சைஸு தாங்காதுன்னு அன்னைக்கு நீ ஒரு வார்த்த சொல்லலியே?"

"யாரு செஞ்சதுன்னு கேட்டவங்ககிட்ட, பதினோரு வருசமா நீங்க எம்புட்டுச் சொன்னீங்கண்ணே?"

பின்னால் மெஷின் ஓடும் சத்தமும் யாரோ கத்துவதும் கேட்டன.

"மாப்ள வீட்டுக்காரக கடைல வந்து நிக்கிறாக. சாயங்காலம் ரிசப்சன். சிஸ்டத்தையும் வித்துத் தொலச்சுட்டேன். நீ செஞ்சு குடு தாயி. ஓரத்துல ஒம்பேரப் போட்டுக்க."

இந்த வார்த்தையைத்தான் அன்றைக்குக் கேட்டு நின்றேன். இப்போது கேட்டதும் எனக்கு அது பத்தவில்லை.

"ஒங்க பேனர்ல ஓரம் எனக்கு வேண்டாம்ணே. என் பேனராவே செஞ்சு தாரேன். மொதல்ல போன ஸ்பீக்கர்ல போடுங்க. மாப்ள வீட்டுக்காரகளுக்குக் கேக்கட்டும். இத யாரு செய்யப் போறா, இம்புட்டு வருசமா யாரு செஞ்சான்னு அவககிட்டச் சொல்லுங்க."

"என்னத்தா இது, ஆளுக முன்னாடி..."

"அப்ப நான் வைக்கிறேன்."

"இரு, இரு."

மெஷின் நின்றது. கத்திக்கொண்டிருந்தவரும் நிறுத்தினார். முதலாளி தொண்டையைச் செருமினார். "அண்ணே, இந்தப் பேனர வேற ஒரு பிள்ள செஞ்சு குடுக்கும். இதுவரைக்கும் நம்ம கடைல நான் செஞ்சேன்னு சொன்னதெல்லாம் அந்தப் பிள்ள செஞ்சதுதேன்" என்றார். பிறகு, மெதுவாக, என் பேரைச் சொன்னார்.

"கேக்கலண்ணே, இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். முதல் தடவையே நன்றாகத்தான் கேட்டது. அந்த போனில் குரலுக்கு ஒரு குறையும் கிடையாது.